கைமேராஎக்ஸ்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவையும் மானியப் புதுப்பிப்புக்கு நாம் எழுத வேண்டிய கடிதமும்

புரதங்களின் முப்பரிமாண அமைப்பையும் உறைந்த நிலையில் மூலக்கூறுகளைப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் அடர்த்தி வரைபடங்களையும் ஒரே திரையில் வைத்து ஆராய உதவும் மென்பொருள் கைமேராஎக்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு இதை உருவாக்கிப் பராமரிக்கிறது. கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச். தரும் மானியம்தான் இதற்கு முதன்மையான ஆதாரம். அந்த மானியம் நிரந்தரமானதல்ல. காலம் முடியும்போது புதிய ஆய்வுத் திட்டங்களோடு போட்டியிட்டுத்தான் அதைப் புதுப்பிக்க முடியும்.

முதலில் பயன்பாடு. இரண்டு புரதங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்த ‘மேட்ச்மேக்கர்’ கட்டளை போதும். அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும் இரண்டு விலகல் மதிப்புகளை அது தரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மதிப்பு, 2 ஆங்ஸ்ட்ராமுக்கு (அணு அளவிலான நீள அலகு) மேல் விலகும் அணு இணைகளைப் படிப்படியாகக் கழித்தபின் வருவது. அது எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். அடுத்தது எல்லா இணைகளுக்கும் சேர்த்து வருவது. கட்டுரையில் முதல் எண்ணை மட்டும் போட்டால், இடம் மாறி நிற்கும் ஒரு பெரும்பகுதியே மறைந்துபோகும். இரண்டையும், எத்தனை இணைகளுக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடர்த்தி வரைபடத்துக்குள் அணு மாதிரியைப் பொருத்தும் ‘ஃபிட்மேப்’ வேகமானது. ஆனால் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறந்த நிலையைத்தான் அது தேடும். மாதிரி தலைகீழாக இருந்தால் தலைகீழாகவே பொருந்தி நிற்கும். நம்பிக்கை இல்லாதபோது ‘சர்ச்’ தெரிவில் 50 அல்லது 100 தொடக்க நிலைகளைக் கொடுத்து, ‘ரெசல்யூஷன்’ (பிரிதிறன்) மதிப்பையும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் மாதிரியும் வரைபடமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒப்புறவுக் கெழு கிடைக்கும். முதலிரு தீர்வுகளுக்கிடையே தெளிவான இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இன்னொரு சிக்கல்: பெரிய வரைபடங்களைத் திறக்கும்போது நினைவகத்தை மிச்சப்படுத்த எத்தனை தரவுப் புள்ளிக்கு ஒன்றைக் காட்டுவது என்ற ‘ஸ்டெப்’ மதிப்பு தானாகவே 2 அல்லது அதற்கு மேல் போய்விடும். அமினோ அமிலங்களின் பக்கச்சங்கிலி தெரியவில்லை என்று தரவைக் குறை சொல்வதற்கு முன் ‘ஸ்டெப்’பை 1 ஆக்கிப் பாருங்கள்.

புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு தரும் மாதிரிகளில் நம்பகத்தன்மை மதிப்பெண் பி-காரணி நிரலில்தான் பதிந்திருக்கும். பி-காரணி கூடினால் அணுவின் இடம் உறுதியற்றது. இந்த மதிப்பெண் கூடினாலோ கணிப்பு நம்பகமானது. வழக்கமான வண்ணத்தில் காட்டினால் நல்ல பகுதி சிவப்பாகத் தெரிந்து குழப்பும். ‘ஆல்ஃபாஃபோல்டு’ வண்ணத்தட்டைத் தேர்ந்தால் 90-க்கு மேல் நீலம், 50-க்குக் கீழ் ஆரஞ்சிலிருந்து சிவப்பு என்று சரியாக வரும்.

குறைகளும் உண்டு. திரையில் உள்ள வேலையைச் சேமிக்கும் அமர்வுக் கோப்பில் வரைபடத் தரவு இயல்பாகச் சேமிக்கப்படாது. கோப்பு இருக்கும் பாதை மட்டுமே பதியும். வேறொருவருக்கு அனுப்பும்போது ‘இன்க்ளூட்மேப்ஸ்’ தெரிவை இயக்காவிட்டால் அவர் திரையில் வரைபடம் இருக்காது. புதிய பதிப்பில் சேமித்த அமர்வு பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். அதனால் கட்டளைகளைத் தனியே ஒரு கோப்பாக எழுதி வைப்பதே பாதுகாப்பு. மாதிரியைத் திருத்த உதவும் ஐசோல்டு போன்ற துணைநிரல்கள் குறிப்பிட்ட பதிப்போடு கட்டுண்டவை. அவற்றை நம்பி வேலை செய்பவர்கள் நாள்தோறும் வெளிவரும் சோதனைப் பதிப்பைத் தொடாமல் வெளியீட்டுப் பதிப்பிலேயே இருப்பது நல்லது.

நிதியின் அவசியம் புதிய வசதிகளைவிடப் பராமரிப்பில்தான் அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. முந்தைய மென்பொருளான கைமேரா, பைத்தான் 2 நிரல்மொழியைச் சார்ந்திருந்தது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. ஆப்பிள் 2018-இல் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தது. கைமேராஎக்ஸின் காட்சிப்படுத்தல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. புரத அமைப்புகளைச் சேமிக்கும் பழைய பிடிபி கோப்பு வடிவத்தில் 99,999 அணுக்களுக்கும் 62 சங்கிலிகளுக்கும் மேல் இடமில்லை. சிறு மூலக்கூறுகளைக் குறிக்கும் மூன்றெழுத்து வேதிக்குறியீடுகளும் தீர்ந்து ஐந்தெழுத்துக் குறியீடுகள் வந்துவிட்டன. ஆல்ஃபாஃபோல்டு கணிப்பு கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாபில் ஓடுவதால், அங்கே ஒரு நிரல் நூலகத்தின் பதிப்பு மாறினால் இங்கே கணிப்பு நின்றுவிடும். யாராவது உட்கார்ந்து சரிசெய்தே ஆக வேண்டும். இந்த வேலை எந்த ஆய்வுக்கட்டுரையிலும் புதுமையாகத் தெரியாது. மதிப்பீட்டாளர் கண்ணிலும் எளிதில் படாது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது பயனர்களாகிய நாம்தான்.

ஆதரவுக் கடிதத்தை நிதி நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பக் கூடாது. விண்ணப்பிக்கும் குழுவுக்கே அனுப்ப வேண்டும். அவர்கள்தான் அதை விண்ணப்பத்தோடு இணைப்பார்கள். நிறுவனத்தின் முகப்புத்தாளில், கையொப்பத்துடன், ஒரு பக்கம் போதும். ‘மிகச் சிறந்த மென்பொருள்’ என்ற புகழ்ச்சிக்கு மதிப்பீட்டுக் குழுவில் எடை இல்லை. எந்தக் கட்டுரையின் எந்தப் படம் எந்தக் கட்டளையால் உருவானது, ஆய்வகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எந்தப் பாடத்தில் கற்பிக்கிறீர்கள், பைமால், விஎம்டி, கூட் ஆகிய இதே துறை மென்பொருள்களால் உங்கள் வேலையில் எந்தப் பகுதியை ஈடுசெய்ய முடியாது என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இருந்தால் கடிதமே வலுப்பெறும். வார்ப்புருவை அப்படியே நகலெடுத்த கடிதங்கள் பத்து வந்தாலும் ஒன்றாகவே கருதப்படும்.

கடிதம் எழுத நேரமில்லாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கைமேராஎக்ஸ் பற்றிய கட்டுரைகள் ‘புரோட்டீன் சயின்ஸ்’ இதழில் 2018, 2021, 2023-இல் வந்துள்ளன. அவற்றை மேற்கோள் பட்டியலிலேயே சேருங்கள். நன்றியுரையில் பெயரை மட்டும் எழுதினால் மேற்கோள் கணக்கில் அது ஏறாது. செய்முறைப் பகுதியில் பதிப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள். உதவிப் பட்டியிலுள்ள பதிவுப் படிவம் கட்டாயமில்லை. ஆனால் பயனர் எண்ணிக்கையை நிதி வழங்குவோருக்குக் காட்ட அது குழுவுக்கு உதவுகிறது. ஆய்வகத்தில் ஒருவர் பதிந்தால் போதும் என்று விடாமல், பயன்படுத்தும் ஒவ்வொருவரும் பதிய வேண்டும்.