அளவெடுத்துச் செய்த போலஸ்: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் பிளவுஸ் தைக்கிறவள் நான். இடது மார்பை எடுத்த பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டேன். டாக்டரைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் உடம்புக்கென்று அளவெடுத்து அங்கே செய்த சாமான்களைப் பற்றி, அதாவது படுக்கும் பை, தோல் மேல் வைக்கும் போலஸ் பற்றி, யாரும் எழுதக் காணோம். அளவு பார்ப்பது என் தொழில் என்பதால் நானே எழுதுகிறேன்.

முதலில் படுக்கைப் பை. நீலக் கலரில் பெரிய பை, உள்ளே தெர்மோகோல் மணிகள். அதன் மேல் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் அணைத்துவிட்டு, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பை இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. முதுகு, தோள், முழங்கை எல்லாம் அதில் அப்படியே பதிந்திருக்கும். பெயரும் நம்பரும் ஒட்டி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் அதிலேயே படுத்தால் உடம்பு அதே இடத்தில் உட்காரும் என்பது கணக்கு. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை லேசில் மேலே போகாது. டாக்டர் சொல்லும் கைப்பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் தோள் விண்விண்ணென்று தெறிக்கும்.

இந்தப் பையில்தான் எனக்கு மனக்குறை. சிகிச்சை நடுவில் ஒரு நாள் படுத்தால் முழங்கைக்கு அடியில் மெத்தென்று இருந்தது. எங்கோ காற்றுக் கசிந்திருக்கிறது. சொன்னதும் டெக்னீஷியன் தம்பி அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். புதுப் பை செய்து, மறுபடி சிடி ஸ்கேன் எடுத்து, சிகிச்சைத் திட்டத்தைச் சரிபார்த்த பிறகுதான் தொடர்ந்தார்கள். நிறுத்தியது சரி. ஆனால் அலமாரியிலிருந்து எடுக்கும்போதே ஒரு அழுத்து அழுத்திப் பார்த்திருக்கலாம். திருப்பத்தூர், மேலூர் என்று பஸ்ஸில் குலுங்கி வந்தவளுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயம்.

அடுத்தது போலஸ். வழக்கமாகப் பயன்படுத்தும் 6 எம்வி (எம்வி என்பது கதிரின் சக்தியைச் சொல்லும் அளவு) கதிர் தோலில் பட்டதுமே முழு வேகம் காட்டுவதில்லை. சுமார் 1.5 செ.மீ. உள்ளே போன பிறகுதான் அதன் உச்சம். உள்ளே இருக்கும் கட்டிக்கு அது நல்லது, தோல் தப்பிக்கும். மார்பை எடுத்துவிட்டவர்களில் சிலருக்குத் தோலுக்கும் தழும்புக்குமே முழு அளவு தேவைப்படும். அப்போது சதையைப் போலவே கதிரை வாங்கும் ஒரு பொருளை அரை அல்லது ஒரு செ.மீ. கனத்தில் தோல் மேல் வைக்கிறார்கள், அதுதான் போலஸ். உச்சம் மேலே ஏறி வந்துவிடும். எல்லாருக்கும் இது தேவையில்லை, டாக்டர் சொல்வார்.

எனக்கு முதலில் வைத்துப் பார்த்தது ரெடிமேட் ஜெல் ஷீட். டாட் (வளைவுக்காக மடித்துத் தைப்பது) பிடிக்காத துணியை வளைவில் போர்த்தினால் எங்கே தூக்கிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அக்குள் பக்கம் தழும்பு குழிந்திருக்கும் இடத்தில் அப்படியே தூக்கியது. ஸ்கேன் படத்தில் கதிரின் அளவைக் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் அம்மா அதே இடத்தைத்தான் காட்டினார். நடுவில் காற்று நின்றால் அங்கே தோலுக்குப் போகும் அளவு குறையலாம், தினமும் ஒரே மாதிரியும் இருக்காது. அதனால் ஸ்கேனில் இருந்த என் உடம்பின் வடிவத்தை வைத்து, திரீடி பிரிண்டரில் அச்சு எடுத்து, அதில் சிலிகான் ஊற்றிச் செய்தார்கள். கைக்கு வரச் சில நாள் பிடித்தது.

வைத்த முதல் நாளே எனக்குத் திருப்தி. தழும்பின் மேடு பள்ளம், அக்குள் மடிப்பு, எல்லாவற்றிலும் ஒட்டி உட்கார்ந்தது. மேலே வரைந்திருந்த கோட்டை லேசர் வெளிச்சத்தோடு சேர்த்தால் இடமும் மாறாது. இடது பக்கம் என்பதால், இதயம் விலகி நிற்கட்டும் என்று மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். ஸ்கேனும் அந்த நிலையில் எடுத்ததால் போலஸ் அந்த மூச்சுக்குத்தான் அளவு. மூச்சை விட்டால் ஓரம் லேசாகத் தூக்கும். பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் கதிர் வராது.

குறை என்றால், காறையெலும்புப் பக்கம் ஓரம் தடிமனாக விட்டுவிட்டார்கள், உறுத்தியது. நாமே வெட்டிவிடக் கூடாது, கணக்கு மாறிவிடும். அப்புறம், போலஸ் வைத்தால் தோல் கூடுதலாகச் சிவக்கும். அது அதன் வேலைதான், ஆனால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். காப்பீட்டு அட்டையில் கதிர்வீச்சு அடங்கியது, போலஸுக்குத் தனியாகக் கட்டச் சொன்னார்கள். இதையும் ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், விவரம் சொன்னதற்கு இரண்டு.

தோலில் போடும் மார்க்கர் கோடு நம்ம ஊர் வியர்வைக்கு நிற்காது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அழிந்தால் நீங்களே வரையாதீர்கள்.

செயற்கை மார்பு பற்றிக் கடைக்கு வரும் ஆச்சிமார் கேட்கிறார்கள். தோல் முழுதாக ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டு சிலிகான் ஒன்று வாங்கினேன். நம்பர் கணக்கில் வருவது, என் பக்கத்துக்கு மேலே சரி, அக்குள் ஓரத்தில் வெறுமை. கனம் வேறு. சித்திரை வெயிலில் அரை நாள்கூடத் தாங்கவில்லை. இப்போது காட்டன் துணியில் பஞ்சு வைத்து நானே தைத்து, பிளவுஸுக்குள் பை பிடித்துச் சொருகிக்கொள்கிறேன். சிலிகான் கல்யாண வீடுகளுக்கு மட்டும்.