இசை சொல்லிக்கொடுப்பவர்களே, ‘முதுநிலை டிப்ளமா’ என்று 6,800 வெள்ளி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டிய 6,800 வெள்ளி போய்விட்டது. நேற்று மாலை அந்த நிலையத்தை அழைத்தபோது, இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது. சிங்கப்பூரில் பாட்டு, வயலின், வீணை, கீபோர்டு என்று எது கற்றுக்கொடுப்பவராக இருந்தாலும் அடுத்து உங்களிடம் இவர்கள் வரலாம். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தனியார் பயிற்சி நிலையம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வாய்ப்பாட்டு ஆசிரியை. தமிழ்நாட்டில் இசையில் பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் சில பிள்ளைகள், சமூக மன்றத்தில் ஒரு வகுப்பு. பாடத் தெரிவது வேறு, பாடக் கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு. போன வருஷம் வரை 5 கட்டைச் சுருதியில் கணீரென்று பாடிய பையனுக்குத் திடீரென்று குரல் உடைகிறது. ஆண் பிள்ளைகளுக்குக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். அதுவும் சீராக இறங்காது. ஒரு வாரம் ஓரிடத்தில் நிற்கும், அடுத்த வாரம் எங்கேயோ போகும். அந்த நேரத்தில் அவனுக்கு எந்தச் சுருதி வைப்பது, எவ்வளவு நேரம் பாட விடுவது? எங்கள் காலத்தில் ‘கொஞ்ச நாள் பாடாதே’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அப்படி அனுப்பினால் பிள்ளை திரும்பி வரமாட்டான், டியூஷனுக்குப் போய்விடுவான்.

இதை முறையாகப் படிக்க வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. பிரிட்டனில் கருவியும் குரலும் கற்றுக்கொடுப்பதற்கென்றே முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. யார்க் பல்கலைக்கழகத்தில் அதற்கு எம்.ஏ. பட்டமே உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வருஷம் அங்கே போய் உட்கார என்னால் முடியாது. ஆகவே ‘பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமா, சிங்கப்பூரிலேயே, வார இறுதி வகுப்பு’ என்று விளம்பரம் வந்ததும் போய்ப் பார்த்தேன்.

விவரம் தெரியாமல் போகவில்லை. பிரிட்டனின் படிப்புத் தகுதி வரிசையில் முதுநிலைப் படிப்பு என்றால் நிலை 7. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எல்டிசிஎல் என்ற இசை டிப்ளமாகூட நிலை 6தான். முதுநிலை டிப்ளமாவுக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு, ஆக 1,200 மணி நேரம். இதையெல்லாம் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் என்று உட்கார்ந்திருந்த பையன், முப்பது வயதுகூட இருக்காது, எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னான். கையேட்டிலும் அதே கணக்கு அச்சாகியிருந்தது.

ஆனால் என்னை நம்பவைத்தது கையேடு இல்லை. “அக்கா, சேர்க்கைக்கு முன்னாடி ஒரு நேர்முகம் இருக்கு. நீங்க எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீங்கன்னு பார்க்கணும்” என்றான். வரவேற்பில் இருந்த பெண்ணை அழைத்து எதிரில் உட்காரவைத்தான். கைப்பேசியில் தம்புரா செயலியைப் போட்டான். அந்தப் பெண்ணுக்கு முதல் பாடமான ஸரளி வரிசை ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தி, “அக்கா, பிள்ளைகளுக்கு ஏன் மாயாமாளவகௌளை ராகத்துல ஆரம்பிக்கிறோம்? சங்கராபரணம் காதுக்குப் பழக்கமானதுதானே?” என்று கேட்டான். அந்த ராகத்தில் ஸ-வுக்கு ஒட்டி ரி, ம-வுக்கு ஒட்டி க, ப-வுக்கு ஒட்டி த, மேல் ஸ-வுக்கு ஒட்டி நி. நெருக்கமான இடைவெளியும் அகலமான இடைவெளியும் மாறி மாறி வரும், கீழ்ப்பாதியில் வருவது மேல்பாதியிலும் அப்படியே வரும், பிள்ளையின் காதுக்கு அது பிடிமானம் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டான். பிறகு பேனாவை மூடிவிட்டு, “இவ்வளவு தெளிவா சொல்றவங்க இந்த ஊர்ல சர்டிபிகேட் இல்லாம இருக்கக் கூடாதுக்கா” என்றான்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெற்றோர் கேட்பதெல்லாம் எந்த கிரேடு, எப்போது மேடை. இவன் என் தொழிலைப் பற்றிக் கேட்டான். அங்கேதான் நான் பணத்தை எடுத்தேன். அந்தக் கேள்வியை அவன் என்னைப் போல எத்தனை பேரிடம் கேட்டானோ. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பதிவுக்கு 500 வெள்ளி, மீதி 6,300. மொத்தம் 6,800. மொத்தமாகக் கட்டினால் சலுகை, இந்தத் தொகுதியில் இன்னும் இரண்டு இடம்தான் என்றான். கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினேன். ரசீதில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. “அது எங்க தாய் நிறுவனம்க்கா” என்றான்.

வகுப்பு தொடங்க வேண்டிய வாரம், பயிற்றுநருக்கு விசா தாமதம் என்று செய்தி. பிறகு ஒரு இணைப்பு வந்தது. அதில் சில காணொளிகள், எவரோ எங்கேயோ பியானோ கிரேடு தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தவை. முழுவதையும் பார்த்தாலும் ஒரு பகல்கூட ஓடாது. 1,200 மணி நேரம் எங்கே? நான் வகுப்பெடுப்பதை ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்வார் என்றார்களே, அவர் எங்கே? இந்தப் படிப்பின் உயிரே அதுதான். பாடுபவரை ஆசிரியராக்குவது அதுதான். ஒருவர்கூட வரவில்லை.

கேட்டேன். “அக்கா, பல்கலைக்கழகத்துல டெர்ம் லீவு.” மறுபடி கேட்டேன். “உங்க தொகுதியை அடுத்த தொகுதியோட சேர்த்துட்டோம்.” பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் அக்கா ‘மேடம்’ ஆகிவிட்டேன். “மேடம், கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்க.” போட்டேன். பதிவுப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். நேரில் போனால் வரவேற்புப் பெண், அன்று என்னோடு ஸரளி வரிசை பாடிய அதே பெண், என் முகத்தைப் பார்க்காமல் “சார் வெளியே போயிருக்காங்க” என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் சட்டை தெரிந்தது.

கையேட்டில் பெயர் போட்டிருந்த பல்கலைக்கழகத்துக்கே எழுதினேன். சிங்கப்பூரில் அப்படி ஒரு நிலையத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று இரண்டே வரியில் பதில். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அதன்பிறகு எண்ணே இல்லை.

முன்னாடியே விசாரித்திருக்கலாமே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: சுவரில் சட்டம் போட்டு ஒரு பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. ‘அரசாங்கப் பதிவு’ என்று விரலை வைத்துக் காட்டினான். அது அக்ரா பதிவு, அதாவது வெறும் வணிகப் பதிவு. எந்தக் கடை திறந்தாலும் அந்தப் பதிவு வேண்டும். பள்ளி நடத்துவதற்கான பதிவு அது இல்லை. ஏமாற்ற வேண்டும் என்றே மாட்டிவைத்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவை. தனியார் கல்விச் சட்டம் 2009-இல் வந்தது. அரசாங்கத்தின் தனியார் கல்விக் குழுவிடம் பதிவான பள்ளிகளையும் அவற்றின் படிப்புகளையும் இணையத்திலேயே தேடலாம். பள்ளியின் பெயர் இருந்தால் போதாது, உங்கள் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் உள்ள பள்ளி என்றால் கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. அதைக் கேளுங்கள். பதிவுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள். முறையான மாணவர் ஒப்பந்தத்தில் மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏழு வேலை நாள் அவகாசம் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேராக எழுதிக் கேளுங்கள், இவர்கள் கொடுக்கும் மின்னஞ்சலுக்கு வேண்டாம். பாடத்தை யார் வந்து பார்ப்பார், எந்தப் பள்ளியில், எத்தனை முறை என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். ரசீதில் வேறு பெயர் இருந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள்: பேநவ் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கையேடு எதையும் அழிக்காதீர்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பயனீட்டாளர் சங்கத்திடமும் போங்கள். மோசடியா என்று சந்தேகம் வந்தாலே மோசடி உதவி எண்ணான 1799-ஐ அழைத்துக் கேட்கலாம். நான் போலிஸ் புகாரும் கொடுத்துவிட்டேன், என் 6,800 வெள்ளியை விடப்போவதில்லை. தேக்கா பக்கம் இதே மாயாமாளவகௌளைக் கேள்வியைக் கேட்டு உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், புகார் எண் தருகிறேன், சேர்ந்தே போவோம்.