குரோம் பட்டையில் உப்புக்கறை: போர்த் தண்ணீர் ஊரில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

காரின் ஜன்னல் ஓரப் பட்டை, முன் கிரில், கதவுக் கைப்பிடி, பின்கதவு எழுத்துகள். செட்டிநாட்டுப் பக்கம் புது வண்டியில் முதலில் மங்குவது இவைதான். வெள்ளைப் பெயிண்டில் படிந்த உப்பு கண்ணுக்கே தெரியாது. பளபளக்கும் பட்டையில் படிந்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். வினிகர், சிட்ரிக் ஆசிட், கடையில் விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர், மெட்டல் பாலிஷ், மெழுகு, சீலன்ட், செராமிக் கோட்டிங் என எல்லாமே இங்கே நெடுநாள் புழங்கிப் பார்த்த சரக்குகள். எது எந்தப் பட்டைக்கு ஆகும், எது கெடுக்கும், எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் இந்தப் பகிர்வு.

முதலில் தண்ணீரைப் பற்றி. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதன் இனிமை தெரியும். ஆனால் கார் கழுவுவது பெரும்பாலும் வீட்டுப் போர்த் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் ஒன்றை வாங்கி, அந்தத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மி.கி. வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதி. மீட்டர் 1000 காட்டினால், 10 லிட்டர் வாளித் தண்ணீரில் ஏறக்குறைய 10 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். ஓடி வடிகிற தண்ணீர் தன் உப்பையும் கூடவே கொண்டுபோய்விடும். நின்று காய்கிற துளிதான் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. துளி காயும்போது உப்பு ஓரத்துக்கு ஒதுங்குவதால்தான் கறை வட்டமாக, நடுவில் தெளிவாக, விளிம்பில் தடித்துத் தெரிகிறது.

இதில் பெரும்பங்கு சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் ஆவியானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும் இதேதான். இது லேசான அமிலத்தில் கரைந்துவிடும். கூடவே கொஞ்சம் ஜிப்சமும் சிலிக்காவும் இருக்கும். இவை இரண்டும் வினிகருக்கு மசியாது. வினிகர் போட்டும் 'பாதி போனது, பாதி போகவில்லை' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மிச்சம் நிற்பதை அமிலத்தின் வீரியத்தைக் கூட்டி எடுக்க முடியாது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கையில் பாட்டிலை எடுப்பதற்கு முன் பட்டை என்ன உலோகம் என்று பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் 'குரோம்' என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் மூன்று வகை இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பட்டையில் வையுங்கள். ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; ஜன்னல் பட்டைக்குப் பயன்படும் 430 ரகத்தைக் காந்தம் இழுக்கும். ஒட்டவில்லை, நகத்தால் தட்டினால் 'டொக்' என்று மந்தமான சத்தம், தொட்டால் உலோகக் குளிர்ச்சியும் இல்லை என்றால் அது பிளாஸ்டிக்கின் மேல் குரோம் முலாம். கிரில், கைப்பிடி, எழுத்துகள் பெரும்பாலும் இந்த வகை. காந்தம் ஒட்டாமல், குளிர்ச்சியாக, கொஞ்சம் மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் அனோடைஸ் செய்த அலுமினியம். ஐரோப்பிய நிறுவனங்களின் வண்டிகளில் இது அதிகம்.

இந்த மூன்றாவதில்தான் ஆபத்து. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதன் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றுவதுதான் அனோடைசிங். உலோக அரிப்பையும் மின்முலாமையும் ஆராயும், 1948இல் அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் இந்தச் சொல் புதிதல்ல. ஆனால் அந்தத் தோல் சில மைக்ரான் கனம்தான் என்பதும், பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சுமார் 4 முதல் 8.5 வரை இருக்கிற திரவத்தில்தான் அது நிலையாக நிற்கும் என்பதும் வண்டி கழுவுகிறவர்களிடம் போய்ச் சேரவில்லை. துணி சோப்புத்தூள் கரைசல் 10ஐத் தாண்டும். சர்வீஸ் ஸ்டேஷன்களில் அடிக்கும் மலிவு ஃபோமும் பல நேரம் அப்படித்தான். மாதக்கணக்கில் அதிலேயே கழுவினால் பட்டை முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் படலம் வரும். அது உப்பே அல்ல, தோல் அரித்த தடம். உப்புக்கறை வட்டமாகவோ வடிந்த கோடாகவோ இருக்கும், நகத்தில் லேசாகத் தட்டுப்படும், வினிகர் பட்டால் இளகும். அரிப்புப் படலம் மேகம் போலப் பரவியிருக்கும், வழவழப்பாக இருக்கும், வினிகருக்கு அசையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மேலும் மேலும் அமிலம் போடுகிறவர்கள், அரித்ததையே மறுபடி அரிக்கிறார்கள்.

இனி எடுக்கும் முறை. காலை ஏழு மணிக்கு முன்போ, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகோ, நிழலில் செய்ய வேண்டும். பட்டையைத் தொட்டால் கை சுடக் கூடாது. முதலில் வெறும் தண்ணீரை ஓடவிட்டுச் செம்மண் புழுதியை இறக்க வேண்டும். காய்ந்த துணியால் புழுதியைத் துடைத்தால் அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முலாமில் விழும் கீறல் திரும்பப் போகாது. பிறகு கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, பட்டைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கறுப்பு ரப்பரையும் டேப்புக்குள் மறைத்துவிடுங்கள். பாலிஷ் பட்டால் அதில் வெள்ளை ஏறிக்கொண்டு இறங்காது.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் 100 மி.லி., அதே அளவு தண்ணீர். ஒரு வண்டிக்கு இது தாராளம். பட்டையில் நேராகத் தெளிக்க வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பட்டையின் மேல் ஒற்றி வைக்க வேண்டும். அலுமினியம் என்றால் ஒரு நிமிடம், ஸ்டீலும் குரோம் முலாமும் என்றால் இரண்டு மூன்று நிமிடம். பிறகு பட்டையின் நீளவாக்கில் மெதுவாக இழுத்துத் துடைத்து, உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த சுற்று. மூன்று சுற்றுச் செய்யலாம். ஒரே சுற்றில் பத்து நிமிடம் ஊறவிடக் கூடாது. எதைப் போடுவதாக இருந்தாலும் பின்கதவுப் பட்டையின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்னுக்கு வர வேண்டும்.

சிட்ரிக் ஆசிட் வினிகரைவிட வேகமாக வேலை செய்யும், நாற்றமும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், அதாவது நான்கு டீஸ்பூன். பழைய, தடித்த கறைக்கு ஸ்டீலிலும் குரோமிலும் இதுதான் முதல் தேர்வு. அலுமினியத்துக்கு வேண்டாம், இந்தக் கரைசலின் பி.எச். நீர்த்த வினிகரைவிடக் கீழே இறங்கும்.

கடையில் வாட்டர் ஸ்பாட் ரிமூவர் என்று வரும் ஜெல்களில் நல்லது ஒன்று உண்டு: வழியாமல் ஒட்டி நிற்கும், செங்குத்தான கதவில் வேலை சுலபம். ஆனால் லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அமோனியம் பைஃப்ளூரைடு என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். அது அலுமினியத்தையும் கண்ணாடியையும் அரிக்கும், தோலுக்கும் கேடு. கழிவறை ஆசிட் கதையும் இதுதான். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை நொடியில் போகும், கூடவே அனோடைஸ் தோலும் போகும், ஸ்டீலில் ஊசிக்குத்துப் புள்ளிகள் விழும். எலுமிச்சையும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்க்கச் சொல்லும் யோசனையும் வேண்டாம். எலுமிச்சை செய்கிற வேலைக்கு மேல் உப்பின் குளோரைடு ஸ்டீலில் குழி பறிக்கும். வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி மாதிரி ஒன்று கிடையாது, ஆனால் அந்தப் பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவரக் கூடாது. புளியில் வரும் கோதும் நாரும் முலாமைக் கீறும்.

அமிலத்துக்கு மசியாத மிச்சத்துக்கு ட்யூபில் வரும் மெட்டல் பாலிஷ் பசை. ஒரு அடி நீளப் பட்டைக்குப் பட்டாணி அளவு போதும். ஸ்பாஞ்ச் பேடில் எடுத்து, சுழற்றாமல் நீளவாக்கில் பத்துப் பதினைந்து முறை, அழுத்தாமல். ஸ்டீல் இதைத் தாராளமாகத் தாங்கும். பிளாஸ்டிக் மேல் இருக்கும் குரோம் அடுக்கு ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. அதற்கு வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் பாலிஷ் கூடாது. விடாமல் தேய்த்தால் அடியிலிருக்கும் நிக்கல் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அனோடைஸ் அலுமினியத்தில் பால் படலம் வந்துவிட்டால் பாலிஷ் ஓரளவு தெளிய வைக்கும். ஆனால் அதுவும் தோலைத் தேய்த்துத்தான் தெளிகிறது. ஆகவே அதன் பிறகு பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் விட்டால் முன்னைவிட வேகமாக மங்கும். ஸ்டீல் ஸ்க்ரப்பர், பச்சை நார் இரண்டும் எந்த வகைக்கும் ஆகாது.

இவ்வளவு உழைப்பும் மிச்சமாக வேண்டுமென்றால் வேலை கடைசி அலசலில் இருக்கிறது. போர்த் தண்ணீரில் கழுவுவதில் தவறில்லை. கடைசி நான்கைந்து லிட்டர் மட்டும் உப்பில்லாத தண்ணீராக இருந்தால் போதும். செட்டிநாட்டு வீடுகளுக்கு இது புது யோசனை அல்ல. ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்க, அண்டாவில் பிடித்து வைத்த வழக்கம் இந்த ஊருடையது. முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாம் மழையில் பிடித்து மூடி வைத்த தண்ணீரைவிடச் சிறந்தது எந்தக் கடையிலும் இல்லை. அது இல்லாதபோது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். மீட்டரில் அநேகமாக மழைநீர் அளவுக்கே காட்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர்க் குழாயில் வருவதும் ஆகும். ஆனால் ஆர்.ஓ. கழிவுநீரை 'வீணாகப் போகிறதே' என்று காருக்குப் பிடித்து வைக்கும் வீடுகள் நிறைய. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வடிகட்டியில் நீங்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். போர்த் தண்ணீரைவிட அது மோசம். வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களுக்கும் கறை வரும், ஏனென்றால் அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது, மொத்த உப்பு குறைவதில்லை. அந்தக் கறை ஈரத்துணிக்கே போய்விடும் என்பது மட்டும்தான் லாபம்.

துடைக்கும் வரிசையும் முக்கியம். எல்லோரும் பானெட்டில் தொடங்கி, பட்டைக்கு வரும்போது அது காய்ந்திருக்கும். பட்டையையும் கண்ணாடியையும் முதலில் துடையுங்கள். ஜன்னலை ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, ரப்பர் இடுக்கைத் துடைத்து, மறுபடி ஏற்றுங்கள். பிறகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பக்கக் கண்ணாடியிலும் இடுக்கிலும் ஒளிந்திருந்த தண்ணீர் வெளியே வழியும், அதையும் துடைத்துவிடலாம். வடிந்த கோடாகத் தெரியும் கறைகளில் பெரும்பாலானவை இந்த ஒளிந்த தண்ணீரால் வந்தவை.

நிறுத்தும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒழுகும் கான்கிரீட் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும், காரத்தன்மையும் கடுமை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோரமும் அப்படியே. அலுமினியப் பட்டைக்கு இரண்டும் பகை. ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றே கழுவ வேண்டும். தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் போய்வந்தால் மறுநாள் காலைக்குள் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஸ்டீல் பட்டையில் பழுப்புப் புள்ளி தொடங்குவது இந்தக் கடல் உப்பில்தான்.

பூச்சுகளில், கர்னூபா மெழுகு பார்க்க அழகு, ஆனால் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு இந்த வெயிலில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். சிந்தெடிக் சீலன்ட் மூன்று மாதம் வரை வேலை செய்கிறது. செராமிக் கோட்டிங் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அது தண்ணீரை உருட்டி முத்து முத்தாக நிறுத்தும். அந்த முத்து போர்த் தண்ணீராக இருந்து வெயிலில் காய்ந்தால், உப்பெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து முன்னைவிட அழுத்தமான வட்டம் விழும். கூரையும் நல்ல தண்ணீரும் இருக்கும் வீட்டுக்கு அது சரி. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் போடுவதே நல்லது. போடுவதற்கு முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவு கலந்து பட்டையைத் துடைக்க வேண்டும். பாலிஷ் எண்ணெய் மிச்சமிருந்தால் எந்தப் பூச்சும் பிடிக்காது. மெல்லிய பூச்சாக ஒன்று, அரை மணி நேரம் விட்டு இன்னொன்று.

வண்டி நிற்கும் இடம் ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பாக இருந்தால், அமில வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. வினிகர் சொட்டிய இடம் பட்டையின் கறையைப் போலவே கரையும், மேல் மெருகு போய் வெளுத்த புள்ளியாக நின்றுவிடும். தெருவிலோ மண்தரையிலோ நிறுத்திச் செய்யுங்கள். முடியாதென்றால் பட்டைக்கு நேர் கீழே ஈரச் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.