துண்டு போட்டு இடம் பிடிக்கலாமா? ஹாட் டெஸ்க், டெடிகேட்டட் டெஸ்க், கேபின்: ஓர் ஒப்பீடு

கோவொர்க்கிங் இடம், அதாவது பலரும் வாடகைக்குப் பகிர்ந்துகொள்ளும் பொது அலுவலகம், பார்க்கப் போகிறவர்கள் முதலில் வாடகை கேட்பார்கள், அடுத்து பார்க்கிங், அப்புறம் வைஃபை வேகம். இந்த மூன்றுக்கும் முன்னால் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு நான் எத்தனை நிமிடம் போனில் பேசுகிறேன்?

சென்னையில் கிண்டி, ஓஎம்ஆர், நுங்கம்பாக்கம் என்று எங்கே போனாலும் ஒரே தளத்தில் மூன்று விதமாக இடம் தருகிறார்கள். காலியாக இருக்கிற எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்றால் ஹாட் டெஸ்க். மாதம் முழுக்க உங்கள் பெயரில் ஒரே மேசை என்றால் டெடிகேட்டட் டெஸ்க். கண்ணாடித் தடுப்புக்குள் நான்கு பேர், ஆறு பேர் என்று குழுவாக உட்காருவது கேபின். காபி மெஷினும் கழிப்பறையும் மூவருக்கும் பொது. பழகும் முறை மட்டும் ஒன்றல்ல. அங்கே வரும் உரசல்களைக் கவனித்தால், ஒரு வகை இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு இன்னொரு வகைக்காரர் மாதிரி இருக்கப் பார்ப்பதில்தான் முக்கால்வாசி தொடங்குகிறது.

ஹாட் டெஸ்க்: பைக்கு உறுப்பினர் அட்டை கிடையாது

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குப் பழகிய கலை. இங்கே துண்டுக்குப் பதில் லேப்டாப் பை. காலை 9 மணிக்குப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, கீழே இறங்கி டிபன் சாப்பிட்டு, அப்படியே க்ளையன்ட்டைப் பார்த்துவிட்டு 12 மணிக்கு வந்து உட்காருகிறார்கள். ஹாட் டெஸ்க் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே, இருக்கிற நாற்காலிகளைவிடக் கூடுதல் பேருக்கு உறுப்பினர் அட்டை விற்பதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. ஆளில்லாத பை அந்தக் கணக்கில் மண்ணைப் போடுகிறது.

நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு இது. டீ, கழிப்பறை என்று 15 நிமிடம் எழுந்து போனால் எல்லாம் அப்படியே இருக்கட்டும், திரையை மட்டும் பூட்டுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு எல். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்த்து. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் என்றால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு நோட்டை மட்டும் மேசையில் விட்டுப் போகலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் மேசையைக் காலி செய்துவிட்டுப் பொருளை லாக்கரில் வைப்பதுதான் முறை.

அடுத்தவர் பை இருக்கிற நாற்காலியைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம் “ப்ரோ, இங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்கலாம். பதில் தெரியவில்லை என்றால் இடத்தைக் கவனித்துக்கொள்ளும் கம்யூனிட்டி மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே பையை நகர்த்தாதீர்கள். பிறகு அதிலிருந்து ஒரு சார்ஜர் காணாமல் போனால், கடைசியாகத் தொட்டவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

மேசையில் இரண்டு பிளக் பாயின்ட் இருந்தால் உங்களுக்கு ஒன்று. கெட்டில், இஸ்திரிப் பெட்டி சமாச்சாரம் எதுவும் அதில் வேண்டாம். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மேசை பாயின்ட் 6 ஆம்பியருக்கானது, பெரும்பாலும் யுபிஎஸ் வழியாக வருவது. ட்ரிப் ஆனால் உங்கள் கெட்டிலோடு சேர்ந்து அந்த வரிசையே இருட்டில் உட்காரும். இடத்தின் வைஃபை இருக்கும்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவைப்பதும் இதே ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பத்துப் பேர் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போட்டால் பதினோராவது ஆளின் வீடியோ கால் உறைந்து நிற்கும்.

கால் வந்தால் எங்கே பேசுவது?

ஹாட் டெஸ்க்காரருக்கும் டெடிகேட்டட் டெஸ்க்காரருக்கும் உண்மையான சோதனை இதுதான். நான்கு வழி இருக்கிறது: மேசையிலேயே ஹெட்செட்டோடு, மாடிப்படி அல்லது வராந்தாவில், போன் பூத்தில் (ஒருவர் மட்டும் கதவடைத்துப் பேசும் சின்னக் கூண்டு), மீட்டிங் ரூமில்.

மேசையில் பேசுவதுபற்றி முதலில். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். கண்ணாடியும் டைல்ஸுமாக இருக்கும் தளத்தில் அவ்வளவுகூடக் குறையாது. ஆனால் ஆளைப் படுத்துவது டெசிபல் அல்ல, சொல் புரிவதுதான். திறந்த அலுவலகங்களுக்கான ஐஎஸ்ஓ 3382-3 தரநிலையும் ‘பேச்சு எவ்வளவு தூரம் வரை புரிகிறது’ என்பதை அளக்கிறது. கவனம் சிதறும் அந்தத் தூரம் 5 மீட்டருக்குள் அடங்கினால் நல்ல அலுவலகம் என்பது 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு தந்த அளவுகோல். நல்ல அலுவலகத்திலேயே 5 மீட்டர் என்றால், உங்களைச் சுற்றி எத்தனை மேசைகள் அதற்குள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு பேர் நேரில் பேசிக்கொள்வதைவிட ஒருவர் போனில் பேசுவது ஏன் அதிகம் உறுத்துகிறது? 2010-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் காதில் விழுந்தபோது, முழு உரையாடல் கேட்டபோது இல்லாத அளவுக்குக் கவனம் சிதறியது. மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை தானாக நிரப்பப் பார்க்கிறது. பக்கத்து மேசைக்காரர் ஒட்டுக்கேட்கவில்லை. அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான்தான் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் போட்டிருக்கிறேனே” என்பது அடிக்கடி வரும் சமாதானம். அது உங்கள் காதைக் காப்பாற்றும், அடுத்தவர் காதை அல்ல. மைக்கில் இருக்கும் இரைச்சல் நீக்கமும் மறுமுனையில் இருப்பவருக்குத்தான் பயன்படும். இரண்டு காதையும் மூடிக்கொண்டால் உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது, தன்னையறியாமல் சத்தம் ஏறும். மேசையில் பேசியே ஆகவேண்டும் என்றால் ஒரு காதைத் திறந்து வையுங்கள், அல்லது உங்கள் குரலையே உங்கள் காதுக்குக் கொண்டுவரும் சைட்டோன் வசதி ஹெட்செட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மைக்கை வாயோரத்தில் இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தால் குரலைத் தாழ்த்தினாலும் எட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் என்றால் எழுந்துவிடுங்கள். ஸ்பீக்கர்போன் பற்றிப் பேச எதுவும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

மாடிப்படி காலியாகத் தெரியும். ஆனால் வெறும் சுவரும் படிக்கட்டும் குரலை மேலும் கீழும் எல்லாத் தளத்துக்கும் அனுப்பிவைக்கும். க்ளையன்ட் பெயர், தொகை எல்லாம் ஐந்தாவது மாடி வரை போகும். கதவு மூடிக்கொள்ளுமே என்று தீயணைப்பானை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்கள், அது இன்னும் மோசம். தீ விபத்தில் புகை படிக்கட்டுக்குள் வராமல் தடுக்கத்தான் அந்தக் கதவு தானாக மூடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

போன் பூத்தான் நேரான வழி. அதற்கும் அளவு உண்டு. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். பூத்தின் உள்ளளவு சுமார் 2 கன மீட்டர். விசிறி ஓடாமல் கதவு அடைந்திருந்தால் பத்து நிமிடத்தில் கரியமில வாயு 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதே 420 சொச்சம்தான். பூத்தில் அரை மணி பேசினால் தலை கனப்பது இதனால்தான். ஏறியதும் விசிறிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். முடித்து வெளியே வரும்போது கதவை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். முழு மௌனத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஐஎஸ்ஓ 23351-1 அளவீட்டில் ‘பி’ வகுப்பு பூத் பேச்சை 25 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். சொல் புரியாது, முணுமுணுப்பு கேட்கும். உள்ளே கத்தினால் புரியவும் செய்யும்.

பூத்தைக் குடியிருப்பாக்குவதுதான் பெரிய வியாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 இருக்கை, 3 பூத், 9 மணி நேரம். மொத்தம் 27 பூத்-மணி. ஆளுக்கு ஒரு மணி நேரம் கால் இருந்தாலே தேவை 60. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை. அதனால் 30 நிமிடத்துக்கு மேல் போகும் கூட்டத்துக்கு மீட்டிங் ரூம் புக் செய்வதே நியாயம். அங்கே ஐந்து நிமிடம் முன்னதாக முடித்து, வெள்ளைப் பலகையை அழித்து, எச்டிஎம்ஐ கேபிளை இருந்த இடத்தில் விட்டு வரவேண்டும். காத்திருப்பவர் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது “ஒரே நிமிஷம்” என்று விரல் காட்டுவது ஒரு தடவைதான் செல்லும்.

சத்தமாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சொல்வது? ஜாடையாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது பயன்தராது. அவர் பேசி முடித்ததும் அருகில் போய், “சார், அடுத்த கால் வந்தா கொஞ்சம் பூத்துல பேசிக்கிறீங்களா? நீங்க சொல்ற ரேட் எல்லாம் இங்க வரைக்கும் கேக்குது” என்றால் போதும். புகார் மாதிரி இல்லாமல் அவருக்கு நல்லது சொன்ன மாதிரி இருக்கும். உண்மையும் அதுதான்.

டெடிகேட்டட் டெஸ்க்: அதே முகம், 22 நாள்

டெடிகேட்டட் டெஸ்க் எடுத்தால் நிம்மதியாகப் பேசலாம் என்று நினைத்து மாறுகிறவர்கள் உண்டு. தவறான கணக்கு. இரண்டு மானிட்டர், கனமான கீபோர்டு, தினம் தூக்கி வரமுடியாத கருவி இருப்பவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. பேசுகிறவர்களுக்கு மூன்றிலும் இதுதான் மோசம். ஹாட் டெஸ்க்கில் தொல்லை என்றால் நாளை வேறு மூலையில் உட்காரலாம். இங்கே பக்கத்து ஆள் மாறமாட்டார். சின்ன எரிச்சல் மாதக் கடைசியில் பெரிய மௌனமாகிவிடும்.

முதல் நாளே பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: உங்கள் வழக்கமான கால் நேரம், மெக்கானிக்கல் கீபோர்டு சத்தம் பரவாயில்லையா, ஏசி. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் விற்கப்படுகின்றன. பொது இடத்துக்கும் அதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாகும். கூரையில் பதித்த கேசட் ஏசியின் காற்று நேராகத் தலையில் அடித்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள். அந்த இறக்கையின் திசையை மாற்றச் சொல்லுங்கள், அல்லது இருக்கை மாற்றம் கேளுங்கள். ஒருவருக்காக இரண்டு டிகிரி ஏற்றினால் ஜன்னல் ஓரம் வெயிலில் இருப்பவர் வேர்த்து உட்கார்ந்திருப்பார்.

கேபின்: கண்ணாடி என்பது சுவர் அல்ல

கேபின்காரர்களின் மயக்கம் கதவுதான். கதவைச் சாத்தினால் சத்தம் நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் கண்ணாடித் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே காங்க்ரீட் தளம் வரை திறந்த வெளி. உள்ளே பேசுவது மெல்லிய சீலிங் ஓடு வழியாக ஏறி, அடுத்த கேபினில் இறங்கும். கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி வேறு. சம்பளப் பேச்சு, வேலையை விட்டு அனுப்பும் பேச்சு ஆகியவற்றைக் கேபினில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேபின் உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே வழிவதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை. நேர்காணலுக்கு வந்த ஆறு பேரை ஹாட் டெஸ்க்கில் உட்காரவைப்பது, ரிசப்ஷனில் பார்சல் மலை, 1 மணிக்கு எட்டுப் பேர் ஒன்றாகப் பேன்ட்ரிக்குள் நுழைவது. சாப்பாட்டை 12:30-க்கோ 1:45-க்கோ தள்ளினால் மைக்ரோவேவ் வரிசை பாதியாகும்.

ஆயுத பூஜை தனிக் கதை. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சாம்பிராணியும் சூடமும்தான் சிக்கல், புகை உணரிக்கு பக்தி தெரியாது. அலாரம் அடித்தால் மொத்தக் கட்டடமும் கீழே இறங்கி நிற்கும். இரண்டு நாள் முன்பே நிர்வாகத்திடம் நேரத்தைச் சொன்னால், ஃபயர் பேனலில் அந்தப் பகுதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்தி, கையில் தீயணைப்பானோடு ஒருவரை நிற்கவைத்து நடத்தித் தருவார்கள். அல்லது கேபினில் பொரி, சுண்டலோடு முடித்துக்கொண்டு, சூடத்தையும் பூசணிக்காயையும் கட்டட வாசலில் வைத்துக்கொள்ளலாம். உடைத்த பூசணியை ஓரமாக ஒதுக்குவதும் உங்கள் வேலை. பைக்கில் வருகிறவர் வழுக்குவார்.

பேன்ட்ரி மூவருக்கும் ஒன்று

பிரிட்ஜில் வைக்கும் டப்பாவில் பெயரும் தேதியும். மைக்ரோவேவில் மூடி போட்டுச் சூடாக்குவது. கருவாடு, மீன் குழம்பு அங்கே வேண்டாம். இதைச் சைவ-அசைவச் சண்டையாக்காதீர்கள், பிரச்சினை காற்றோட்டம். பெரும்பாலான ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. அதனால் வேகவைத்த முட்டைக்கோஸுக்கும் இதே விதிதான். ஹவுஸ்கீப்பிங் அக்கா பொது இடத்தைத் துடைக்க வருகிறார், உங்கள் டப்பாவைக் கழுவ அல்ல.

எதை எடுக்கலாம்?

ஒரு வாரம் கால் நேரத்தைக் குறித்து வையுங்கள். நாளுக்கு ஒரு மணிக்குள் அடங்கினால் ஹாட் டெஸ்க்கும் பூத்தும் போதும். பேச்சு குறைவு, கருவி அதிகம் என்றால் டெடிகேட்டட் டெஸ்க். இரண்டு மூன்று மணி நேரம் பேசுகிறவர் தனி ஆளாக இருந்தாலும் சிறிய கேபினுக்கே போகட்டும், அல்லது கால் இருக்கும் நாள்களில் வீட்டிலிருந்து வேலை செய்யட்டும். வாடகை கூடும்தான். ஆனால் மேசையிலிருந்து பூத்துக்கும் பூத்திலிருந்து மேசைக்கும் நாள் முழுக்க ஓடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

பார்க்கப் போகும் நாளாகச் செவ்வாய் அல்லது புதனைத் தேர்ந்தெடுத்து டே பாஸ் வாங்குங்கள், காலை 11 மணிக்கு எத்தனை பூத் காலி என்று எண்ணுங்கள். கேபின் என்றால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து சாதாரணமாகப் பேசச் சொல்லி, பக்கத்துக் கேபினில் நின்று கேளுங்கள். சொற்கள் புரிந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தடுப்பை மேல்தளம் வரை ஏற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு கேட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வரும்.