ஏ.பி. தேர்வு: பத்திலா, பதினொன்றிலா, பன்னிரண்டிலா?

அமெரிக்கப் பள்ளிகளில் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கும். மதிப்பெண் ஜூலையில் வரும். கல்லூரி விண்ணப்பங்களோ பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பரிலிருந்து ஜனவரித் தொடக்கத்துக்குள் போய்விடும். ஆகவே பதினொன்றாம் வகுப்பு மே வரை எழுதிய தேர்வுகள்தான் சேர்க்கைக்கு உதவும். பன்னிரண்டில் எழுதுவது கல்லூரி கிரெடிட்டுக்கு, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே முடித்ததாகக் கணக்கில் எடுப்பதற்கு, மட்டுமே. எந்தப் பாடத்தை எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்துவிட்டால், எந்த ஆண்டில் எழுதுவது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பத்தாம் வகுப்புக்கு ஏற்றது உலக வரலாறு. முன்பாடம் எதுவும் வேண்டாம். ஆனால் அதில் ஏழு ஆவணங்களைப் படித்து 60 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும்; பதினைந்து வயதுப் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். தகவல் தெரியாமல் அல்ல, ஆவணங்களைச் சுருக்கி எழுதிவிட்டு, தன் வாதத்தை வைக்காமல் விடுவதால். இதே வகைக் கேள்வி அடுத்த ஆண்டு அமெரிக்க வரலாற்றிலும் வரும் என்பதால், இந்தப் பழக்கம் வீண்போகாது. மதிப்பெண் குறைந்தாலும் இழப்பு சிறியது: பெரும்பாலான கல்லூரிகளுக்கு எந்த மதிப்பெண்ணைத் தெரிவிப்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். வகுப்பு கிரேடு மட்டும் டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் மதிப்பெண் பதிவில்) நிற்கும். ஒன்பதிலேயே தொடங்க அவசரப்பட வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யூசி) தன் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கில் ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளைச் சேர்ப்பதே இல்லை.

கனமான ஆண்டு பதினொன்று. அமெரிக்க வரலாறு, ஆங்கில மொழி, கால்குலஸ், வேதியியல் எல்லாம் இங்கே வந்து குவியும். தனித்தனியாக எதுவும் முடியாததல்ல. ஆனால் எல்லாத் தேர்வும் அதே இரண்டு வாரத்தில் வரும்; கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி பொதுத் தேர்வின் மே மாதத் தேதியும் அதையொட்டியே வரும். எஸ்ஏடியை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். இந்த ஆண்டில் மூன்று ஏ.பி. போதும் என்பதே எங்கள் கருத்து. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் முதலில் அடிவாங்குவது கட்டுரைப் பயிற்சிதான்; அதைக் கடைசி வாரத்தில் ஈடுகட்ட முடியாது. இரண்டு தேர்வுகள் ஒரே நேரத்தில் விழுந்தால், ஒன்றைப் பிந்தைய தேதிக்கு மாற்றித் தரும்படி பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

கால்குலஸில் இரண்டு ஏ.பி. பாடங்கள் உண்டு: ஏபி (AB), பிசி (BC). எதை எடுப்பது என்ற குழப்பம் பல வீடுகளில் உண்டு. பிசியில் ஏபி முழுவதும் அடங்கும். பிசி எழுதினால் ஏபிக்கான துணை மதிப்பெண்ணும் தனியாக வரும். ப்ரீகால்குலஸில் உறுதியாக இருக்கும் மாணவர் நேராக பிசிக்குப் போகலாம். இயற்கணிதத்தில் தடுமாறுபவர் ஏபியில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் பிசியில் தொடர்களுக்கு (series) வரும்போது வகுப்பு யாருக்காகவும் நிற்காது.

இயற்பியலில் வரிசை தவறக்கூடாது. பிசிக்ஸ் 1 இயற்கணிதத்தோடு நின்றுவிடும். பிசிக்ஸ் சி எடுக்கும்போது கால்குலஸ் முடிந்திருக்க வேண்டும், குறைந்தது கூடவே நடக்க வேண்டும். கால்குலஸ் பதினொன்றில் என்றால் பிசிக்ஸ் சி பன்னிரண்டில்தான் நிம்மதியாக அமையும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண் சேர்க்கைக்கு உதவாவிட்டாலும், எடுத்திருக்கும் பாடங்கள் விண்ணப்பத்தில் தெரியும். அரையாண்டு கிரேடுகளும் பல கல்லூரிகளுக்குப் போகும். ஆகவே பாடத்தை விடாதீர்கள், தேர்வை மட்டும் யோசித்து எழுதுங்கள். ஏ.பி. மதிப்பெண் 1 முதல் 5 வரை; யூசி 3-க்கே கிரெடிட் தரும். தனியார் கல்லூரிகள் பலவற்றில் 4 அல்லது 5 வேண்டும். சில கல்லூரிகள் கிரெடிட் தராமல், கல்லூரியில் அடுத்த நிலை வகுப்பில் சேர மட்டும் அனுமதிக்கும். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் உயிரியல், வேதியியல் கிரெடிட்டை நம்பிக் கல்லூரி வகுப்பைத் தவிர்க்க வேண்டாம், ஏ.பி. கிரெடிட்டை அதற்கு ஈடாக ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல.

எந்த ஆண்டானாலும், முழு ஆண்டுப் பாடங்களின் ஏ.பி. தேர்வுக்கான பதிவு நவம்பர் நடுவில் முடிந்துவிடும். அதன்பின் பதிந்தால் 40 டாலர் கூடுதல். சொந்தமாகப் படித்து எழுதுபவர்கள் தேர்வெழுத இடம்தரும் பள்ளியை செப்டம்பரிலேயே தேடத் தொடங்க வேண்டும். பன்னிரண்டில் எழுதுபவர்கள், சேரப்போகும் கல்லூரியின் பெயரை ஜூன் 20-க்குள் காலேஜ் போர்டு (ஏ.பி. தேர்வை நடத்தும் அமைப்பு) இணையக் கணக்கில் குறித்துவிட்டால் மதிப்பெண் இலவசமாகப் போய்ச் சேரும்.