பாலைவன வசந்தத்துக்கு எது தோது: வேனா, மோட்டார்ஹோமா, டிரெய்லரா?

டியூன் ஈவினிங் பிரிம்ரோஸ் என்று ஒரு வெள்ளைப் பூ. கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனத்தில் மணல்வெளியில் தரையோடு தரையாகக் கிடக்கும். சாயங்காலம் விரிந்து இரவு முழுக்கத் திறந்திருக்கும். மறுநாள் வெயில் ஏறியதும் வாடி, இளஞ்சிவப்பாகிச் சுருண்டுவிடும். ஆர்வி என்றால் படுக்கை, அடுப்போடு வீடாகவே இருக்கும் வண்டி; எங்கள் முதல் ஆர்வி பயணத்தில் இந்தப் பூவை ஒரு வாரமும் சுருண்ட நிலையில்தான் பார்த்தோம். வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் தினமும் ஒன்பதரை ஆகிவிட்டது.

எந்த ஆர்வி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பூவைப் பற்றித்தான்.

நாங்கள் மூன்று விதமும் இருந்து பார்த்தோம். 2019 மார்ச்சில், பாலைவனம் முழுக்கப் பூத்துக் கூட்டம் அலைமோதிய அந்த வசந்தத்தில், 25 அடி மோட்டார்ஹோம் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தோம். கிளாஸ் சி என்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். அடுத்து, நண்பர் ஒருவரின் கேம்பர் வேனில் ஐந்து இரவுகள். 2022-இல் பழைய 21 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். எங்களிடம் இருந்த பிக்கப் அதை இழுக்கிறது. அதற்கப்புறம் மூன்று வசந்தங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வாரம், அதில்தான் குடித்தனம். ஆக, டிரெய்லரைப் பற்றி நிறையச் சொல்வேன், வேனைப் பற்றிக் கொஞ்சம்தான்.

படுக்கை, அடுப்பு, கழிவறை மூன்றிலும் உண்டு. வேனில் இடம் நெருக்கம், மோட்டார்ஹோமில் தாராளம், டிரெய்லரில் அதைவிடக் கொஞ்சம் தாராளம். ஓட்டுவதற்குச் சுலபமானது வேன். விலையும் வேனுக்குத்தான் அதிகம். அதே பணத்துக்கு நல்ல டிரெய்லரும் அதை இழுக்கப் பழைய பிக்கப்பும் கிடைத்துவிடும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. காலையில் பூப் பார்க்கப் போகும்போது வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா?

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்சா-பொரேகோ கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, சுமார் 6 லட்சம் ஏக்கர். அதற்குள் 500 மைல் மண்பாதை. தார்ச்சாலை என்று பார்த்தால் நாலைந்துதான். நடுவில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். டிராஃபிக் சிக்னல்கூடக் கிடையாது. பூக்கள் ஒரே இடத்தில் பூப்பதும் இல்லை. பிப்ரவரிக் கடைசியில் தாழ்வான மணல்வெளியில் தொடங்கும். மார்ச்சில் மலையடிவாரத்துக்கு ஏறும். ஏப்ரலில் கள்ளிகள். குளிர்கால மழை எங்கே எவ்வளவு விழுந்ததோ அதைப் பொறுத்து, போன வருடம் மஞ்சளாகக் கிடந்த இடம் இந்த வருடம் வெறும் சரளையாகக் கிடக்கும். தினமும் தேடிப் போகத்தான் வேண்டும். தேடிப் போகிற வழி பெரும்பாலும் மண்.

மோட்டார்ஹோமில் எங்கள் காலை இப்படி இருந்தது. சிங்க்கில் உள்ள பாத்திரத்தைத் துடைத்து உள்ளே வைக்க வேண்டும். அலமாரிக் கதவு ஒவ்வொன்றையும் தாழிட வேண்டும். இடம் கூடுவதற்காக வெளியே நீட்டியிருக்கும் அறைப் பகுதியை, ஸ்லைடு என்பார்கள், உள்ளே இழுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி மூன்றையும் கழற்றிச் சுருட்ட வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கொடுத்த கட்டைகளை எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் இத்தனையும் தலைகீழ் வரிசையில். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும் என்பதால், கட்டை கொடுத்து மட்டம் பார்ப்பதைத் தவிர்க்கவும் முடியாது. போக ஒரு மணி நேரம், வர முக்கால் மணி நேரம். ஒரு பூவைப் பார்க்க.

அப்படிக் கிளம்பியும் தார்ச்சாலையை விட்டு இறங்க முடியவில்லை. வாடகை ஆர்வி ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் மண்பாதையில் ஓட்டக்கூடாது என்று இருக்கும்; எங்களுடையதிலும் இருந்தது. சொந்த வண்டியாக இருந்தாலும் அந்த நீளத்தையும் உயரத்தையும் வைத்துக்கொண்டு மணலில் இறங்கியிருக்க மாட்டேன். ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற இடம், விளிம்பில் நின்றால் மடிப்பு மடிப்பாகக் கரடுமுரடு நிலம் கீழே விரியும். நெடுஞ்சாலையிலிருந்து நான்கு மைல், காட்டாற்று மணலில் போக வேண்டும். அந்த வாரம் முழுக்க அதன் வழிகாட்டிப் பலகையைத்தான் பார்த்தோம்.

வேன் இதில் பாதிக் கிணறு தாண்டும். பொருட்களை எடுத்து வைக்கப் பத்து நிமிடம் போதும். ஃபிரிட்ஜ் பேட்டரியில் ஓடியது, அதனால் மட்டம் பார்க்கும் வேலை இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்தது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வேன். ஃபான்ட்ஸ் பாயின்ட் பாதையில் முதல் மணல் திட்டிலேயே பின்பக்கம் அலைய ஆரம்பித்தது, திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். இன்னொரு நாள் கிளார்க் வறண்ட ஏரிப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து இரவு தங்கினோம். காலையில் பூப் பார்க்கப் போய்விட்டு வந்தால் அங்கே வேறொரு வண்டி நின்றது. சனிக்கிழமை வேறு. அவர்கள் மேல் தப்பே இல்லை, அங்கே யாராவது இருந்தார்கள் என்பதற்கு அடையாளமாக நாங்கள் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. இந்தப் பூங்காவில் மண்பாதை ஓரமாக இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம், முன்பதிவு கிடையாது. வீடே சக்கரத்தில் போய்விட்டால் இடமும் கையை விட்டுப் போகும்.

டிரெய்லரில் இந்தச் சிக்கலே இல்லை. வந்த அன்று ஒரு நாற்பது நிமிடம்: இடம் வலம் மட்டம் பார்த்துக் கட்டை, சக்கரத்துக்கு முட்டு, பிக்கப்பிலிருந்து கழற்றி முன்பக்க ஜாக்கில் ஏற்றி இறக்கி மறுபடி மட்டம், நான்கு மூலைக்கும் ஊன்றுகால். அதற்கப்புறம் பத்து நாளைக்கு வீடு வீடாகவே இருக்கும். அடுப்பில் பால் பாத்திரம் இருந்த இடத்தில் இருக்கும். படுக்கையை மடிக்க வேண்டாம்.

சூரியன் எழ அரை மணி நேரம் இருக்கும்போதே டிகாக்‌ஷன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பிக்கப்பில் ஏறிவிடுவோம். மார்ச்சில் பகலில் 25, 28 டிகிரி இருந்தாலும் அந்த நேரத்தில் ஸ்வெட்டர் வேண்டும். ஹெண்டர்சன் கேன்யன் சாலைக்கு முதல் தடவை அப்படிப் போன அன்று, பிரிம்ரோஸ் அத்தனையும் திறந்து கிடந்தன. உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய வெள்ளை இதழ், காற்றே இல்லாதபோதும் நடுங்குகிற மாதிரி. சுற்றி ஊதா நிற சாண்ட் வெர்பினா. கடைசி அந்துப்பூச்சி ஒன்று, தேன்சிட்டு அளவு இருக்கும், ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டு நீளமான உறிஞ்சுகுழலை உள்ளே விட்டிருந்தது. இதன் புழுக்கள்தான் நல்ல மழை வருடங்களில் சாலையைக் கூட்டம் கூட்டமாகக் கடக்கும். அவற்றைத் தின்பதற்காகவே தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் ஸ்வெய்ன்சன் பருந்துகள் இங்கே இறங்கும். எட்டு மணிக்குள் வெயில் உறைக்கத் தொடங்கியது, இதழ் ஓரம் துவண்டது. நாங்கள் இட்லி ஊற்றத் திரும்பிவிட்டோம்.

ஃபான்ட்ஸ் பாயின்ட்டுக்கும் போனோம். பிக்கப்பில் நாலு சக்கர இழுவை உண்டு. மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைத்துக்கொண்டோம், வெளியே வந்ததும் சின்ன பம்ப்பால் ஏற்றிக்கொண்டோம். வீட்டை இழுத்துக்கொண்டு அந்தப் பாதையில் யாரும் போக முடியாது. ஆனால் வீட்டைத்தான் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லையே.

தண்ணீர் விஷயமும் இதே கேள்விக்குள்தான் வருகிறது. எங்கள் டேங்க் 40 கேலன். இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் ஆறேழு நாள் வரும். தீர்ந்தால் பிக்கப்பில் கேன்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய் நிரப்பி வருகிறோம். கழிவுக்கும் சக்கரம் வைத்த சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் வாங்கிக்கொண்டு போய்க் கழிவு நிலையத்தில் கொட்டலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட நிலத்தில் விடக்கூடாது. மோட்டார்ஹோம் என்றால் டேங்க் நிறைந்த அன்று வீடே புறப்பட வேண்டும்.

போன வருடம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். வயது 71, முழங்கால் வலி. அவரை அழைத்துக்கொண்டு வெட்டவெளியில் தங்கவில்லை. பொரேகோ பாம் கேன்யன் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாம் இணைப்போடு இருக்கும் இடம் ஒன்றை மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்திருந்தோம். முதல் இரண்டு நாள் எங்களோடு வந்தார். மூன்றாம் நாள் காலையில், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்கேயே வாசல்ல உக்காந்திருக்கேன்" என்றார். நாங்கள் வரும்போது ஒக்கோட்டியோ நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிழல் என்று சொன்னாலும் அது குச்சி குச்சியாக நிற்கும் செடிதான், நுனியில் மட்டும் நெருப்பு மாதிரி சிவப்புப் பூ. ஒரு ஹம்மிங்பேர்ட் எத்தனை தடவை அந்தப் பூவுக்கு வந்து போனது என்று எண்ணி வைத்திருந்தார். வீடு எங்களோடு போயிருந்தால் அம்மாவும் முட்டிவலியோடு எங்களோடு குலுங்கியிருக்க வேண்டும்.

டிரெய்லருக்கு விலை கொடுக்காமல் இல்லை. மேற்கிலிருந்து வந்தால் மான்டெசூமா இறக்கம் என்ற மலைச்சாலை, பத்துப் பதினோரு மைலுக்குள் சுமார் 1,000 மீட்டர் இறங்கும். பின்னால் வீட்டைக் கட்டிக்கொண்டு அதில் இறங்கும்போது பிரேக்கை அமுக்கிக்கொண்டே வரக்கூடாது, சூடேறிப் பிடிக்காமல் போகும். கீழ் கியரில் போட்டு இன்ஜினையே தாங்க விட வேண்டும். முதல் தடவை என் கணவர் இறக்கினார், கீழே வந்து அரை மணி நேரம் பேசவே இல்லை. இப்போது நாங்கள் சுற்று வழியாக சால்டன் சிட்டி பக்கமிருந்து வருகிறோம், அந்தப் பக்கம் இப்படிப்பட்ட இறக்கம் கிடையாது. கலிஃபோர்னியாவில் வண்டி இழுத்துக்கொண்டு போனால் 55 மைல்தான் உச்ச வேகம். பின்னால் எடுப்பது தனி வித்தை. காலி மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினேன். டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும். சாமான்களைப் பின்பக்கம் அடைத்துவிட்டால் சாலையில் வால் ஆட்டும், அது உயிருக்கே ஆபத்து.

காற்றும் இருக்கிறது. வசந்தத்தில் மதியத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் காற்று சொல்லிவிட்டு வராது. 2023-இல் ஆனிங்கை, அதாவது வண்டிப் பக்கவாட்டில் நிழலுக்கு நீட்டும் துணிக்கூரையை, விரித்து வைத்துவிட்டு நடக்கப் போனோம். திரும்புவதற்குள் அதன் ஒரு கை வளைந்து துணி கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மூன்று வண்டியும் ஒன்றுதான்: வெளியே போனால் ஆனிங்கைச் சுருட்டிவிட்டுப் போக வேண்டும்.

பராமரிப்பில் டிரெய்லருக்கு இன்ஜின் இல்லை என்பது பெரிய நிம்மதி. கூரை ஓரத்து ஒட்டுப்பசையை வருடா வருடம் பார்க்க வேண்டும், டயர் ஓடாவிட்டாலும் வயதாகும், அவ்வளவுதான். வருடத்தில் பத்து மாதம் சும்மா நிற்கும் ஒரு வண்டிக்குள் இன்ஜினும் சேர்ந்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுவிற்பனையைப் பற்றி நான் பேசக்கூடாது, இன்னும் விற்றதில்லை.

மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்றைக் கட்டி இழுத்து வருகிறவர்களை நிறையப் பார்த்தேன். அவர்களும் நான் சொல்லும் கேள்விக்கு விடை கண்டவர்கள்தான். ஓடும்போது குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே பெல்ட் போட்டு உட்கார்ந்து வரலாம் என்பது கூடுதல் வசதி. கூட்டுக் குடும்பமாகப் போனால் நானே அதை யோசிப்பேன். நாலு சக்கர இழுவை உள்ள வேன் கிடைத்தால் ஃபான்ட்ஸ் பாயின்ட் மணலில் என்ன செய்யும் என்று ஓட்டிப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். மூன்று நாளுக்கு ஓர் இடம் என்று அன்சா-பொரேகோ, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி என ஓடிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள் என்றால் வேன்தான் சரி, தினமும் கொக்கி மாட்டிக் கழற்ற டிரெய்லர் ஒத்துவராது.

ஒரே பாலைவனத்தில் மூன்று வாரம் உட்காரப் போகிறவர்கள் டிரெய்லர் வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் பிக்கப்பின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படியுங்கள். தண்ணீர் 40 கேலன் என்றால் அதுவே 150 கிலோ. வெறும் டிரெய்லர் எடையைப் பார்த்து வாங்கிவிட்டு, தண்ணீரும் கேஸும் அரிசி மூட்டையும் ஏற்றிய பிறகு தடுமாறுகிறவர்கள் உண்டு. நாங்கள் முதலில் விரும்பியது 26 அடி. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் 21-க்கு இறங்கினோம்.