உயிர் உரம்: கறுப்புப் பவுடர் வாங்கலாமா, திரவ பாட்டில் வாங்கலாமா?

வேளாண்மை விரிவாக்க மையங்களில் 200 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும் கறுப்புப் பவுடர் ஒரு பக்கம், உரக்கடை அலமாரியில் நிற்கும் திரவ பாட்டில் இன்னொரு பக்கம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், மண்ணில் முடங்கிய மணிச்சத்தை விடுவிக்கும் பாஸ்போபாக்டீரியா, பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற இந்த பாக்டீரியா உரங்கள் மூன்றுமே இரண்டு வடிவத்திலும் விற்பனைக்கு இருக்கின்றன. கடையில் கேட்டால் "திரவம்தான் வீரியம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பவுடரில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவத்தில் மில்லிக்கு 10 கோடி. நெல் நடவு வயலுக்கு ஏக்கருக்கு 4 பாக்கெட் பவுடர், அதாவது 800 கிராம். ஆக 4,000 கோடி செல். திரவம் ஏக்கருக்கு 200 மில்லி, 2,000 கோடி. குறைந்தபட்சத் தரத்தை வைத்துப் பார்த்தால் புதிதாக வந்த பவுடரே இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறது, விலையும் குறைவு. சிக்கல் 'புதிதாக' என்ற இடத்தில்தான். பவுடருக்கு ஆயுள் சுமார் ஆறு மாதம், அதுவும் நிழலில் வைத்தால். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்த பாக்கெட்டில் தேதி மிச்சமிருக்கும், பாக்டீரியா மிச்சமிருக்காது. திரவத்தில் செல்களைக் காக்கும் பொருட்கள் சேர்ப்பதால் ஓராண்டு வரை தாங்கும். ஆகவே நம் தீர்ப்பு: தயாரித்து இரண்டு மாதத்துக்குள் இருந்தால் பவுடர், அதைத் தாண்டிவிட்டால் யோசிக்காமல் திரவம்.

பவுடரின் தரத்தைக் கையாலேயே ஓரளவு சோதிக்கலாம். தமிழ்நாட்டுப் பாக்கெட்டுகளில் அந்தக் கறுப்பு நிறம் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியால் வருவது. அது அமிலத்தன்மை உள்ளது என்பதால் சுண்ணாம்புத் தூள் கலந்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஆவியில் கிருமி நீக்கி, பிறகுதான் பாக்டீரியாக் கரைசலை ஏற்ற வேண்டும். கிருமி நீக்கத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, வேண்டியதைத் தின்று தீர்த்துவிடும். பிரித்ததும் புளித்த அல்லது அழுகிய வாடை வந்தால் காரணம் அதுதான். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். கையில் பிடித்தால் லேசாக ஈரம் தெரிய வேண்டும். தூசியாகப் பறக்கிறதென்றால் உள்ளே இருந்தவை காய்ந்து செத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். திரவத்தில் அடியில் கொஞ்சம் படிவு இருப்பது குற்றமில்லை, குலுக்கினால் கலந்துவிடும். பாட்டில் உப்பியிருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

நெல்லுக்கு மூன்று கட்டமாகப் போடலாம். விதையை ஊறவைக்கும் தண்ணீரில் ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் அசோஸ்பைரில்லம், இரண்டு பாக்கெட் பாஸ்போபாக்டீரியாவைக் கரைத்து இரவு முழுக்க விடவும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் நாற்றங்காலிலேயே ஊற்றவும். நடவன்று 10 சதுர மீட்டர் பாத்தியில் தண்ணீர் கட்டி, அதே அளவைக் கரைத்து, நாற்றின் வேர் 15 முதல் 30 நிமிடம் நனையட்டும். வயலுக்கு வகைக்கு நான்கு பாக்கெட்டை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண்ணோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். இரண்டும் கலந்து வரும் அசோபாஸ் என்றால் இரண்டுக்குமான பாக்கெட்டைக் கூட்டி எடுத்துக்கொள்ளவும். தொழு உரத்தை விட்டுவிட்டு வெறும் மண்ணில் கலப்பவர்கள் உண்டு. புது இடத்தில் காலூன்றும்வரை இந்த பாக்டீரியாக்களுக்குத் தீனி அந்தத் தொழு உரம்தான்.

"போட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்ற குறைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கலவைதான். யூரியாவோடோ சூப்பர் பாஸ்பேட்டோடோ ஒரே கூடையில் கலந்தால் உப்பும் அமிலமும் செல்களைக் கொன்றுவிடும். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். கார்பெண்டசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லியில் விதை நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்தே உயிர் உரம். நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸில் நேர்த்தி செய்திருந்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசும்போது கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். பூசிய விதையை நிழலில் அரை மணி உலர்த்தி அன்றே விதைப்பது உத்தமம்.

ரைசோபியத்தில் தேதியைப் பார்ப்பதற்கு முன் பயிர்ப் பெயரைப் பாருங்கள். சோயாவுக்கு உரியதைக் கொண்டைக்கடலைக்குப் பூசினால் வேர் முடிச்சே வராது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஏறத்தாழ ஒரே குடும்பத்து பாக்டீரியாவை ஏற்கும். ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ உளுந்துக்கு ஒரு பாக்கெட் போதும். இந்த மூன்றில் வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்க முடிந்ததும் இதுதான்: 30, 35 நாளில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து ஓடுகிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

அசோஸ்பைரில்லத்தில் அப்படி எதுவும் கண்ணில் படாது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதோடு, வேர்த்தூவிகளைப் பெருக்கும் வளர்ச்சி ஊக்கிகளையும் அது சுரக்கிறது. பலன் பெரும்பாலும் அந்த வேர் வழியாகத்தான் கிடைக்கும். பரிந்துரைகள் சொல்லும் அளவுக்குத் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம், முழுவதையும் நிறுத்தினால் பயிர் வெளுக்கும். பாஸ்போபாக்டீரியாவும் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து கிடப்பதை அமிலம் சுரந்து விடுவிக்கிறது, அவ்வளவுதான். மணிச்சத்தே இல்லாத மண்ணில் அதற்கு வேலை இல்லை.

சொட்டு நீர்ப் பாசனக்காரர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. பவுடர் வடிகட்டியை அடைத்துவிடும், திரவம்தான் வழி. மண் ஓரளவு நனைந்த பிறகு வென்சுரி (பாசனக் குழாயில் உரக் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாக விடுங்கள். குழாய்க்கு அமிலமோ குளோரினோ விட்டுக் கழுவும் நாளில் வேண்டாம். திறந்த பாட்டிலை அடுத்த பருவத்துக்கு என்று மூடி வைக்காமல் ஒரே மூச்சில் தீர்த்துவிடுங்கள்.